விலைப்புள்ளி

மீன் வாங்கி வருபவர்போல்
பழைய பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார்
இணையத்தில் பதினான்காயிரத்துக்கு வாங்கிய மேனிஃபோல்டை.
மூன்றாம் குழாயும் நான்காம் குழாயும் சேரும் கக்கத்தில்
மயிரிழை விரிசல்.
புகை கசிந்த ஓரம் சாம்பலாய் வெளுத்திருந்தது.
‘ஒட்டித் தர முடியுமா?’
முடியும், டாக்டர்.
அடுத்த ஞாயிறுவரை தாங்கும்.

வித்யாசாகர். மயக்க மருந்து நிபுணர்.
வாரம் முழுக்க மற்றவர்களைத் தூங்கவைத்துவிட்டு
ஞாயிறு காலை இருங்காட்டுக்கோட்டையில்
தான் விழித்துக்கொள்கிறவர்.

பானெட்டைத் திறந்தால்
மாலை ஆறு மணிப் பாடி சந்திப்பு.
பிரேக் பைப், ஸ்டியரிங் தண்டு, ரேடியேட்டர் ஃபேன்,
ஏசி கம்ப்ரஸர், யாரும் யாருக்கும் வழிவிடுவதாயில்லை.
இதற்குள் டர்போவும் நுழைய வேண்டும்.
வெள்ளை பிவிசி துண்டுகளை வெட்டி
செலோடேப் சுற்றிச் சுற்றி
இரண்டு நாள் தலைகீழாகக் கிடந்தேன்.
என் வலது முழங்கையில் நாலு தழும்பு:
நட்டுவரை ஸ்பேனர் போய்விடுமென்று
நான் நம்பிய நாள்கள்.

ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு.
இந்த வரிசையில்தான் வெடிக்கிறது.
ஒன்றும் நான்கும் ஒரு வாய்க்கு,
இரண்டும் மூன்றும் மறு வாய்க்கு.
ஒன்றின் மூச்சு இன்னொன்றை இடிக்காமல் வந்து
டர்போவின் சக்கரத்தை உதைக்க
நாலு குழாயும் ஒரே நீளம்.
தூரத்தில் இருப்பது நேரே வரலாம்.
பக்கத்தில் இருப்பதுதான்
ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

தாளில் எழுதத் தொடங்கினேன்.
முந்நூற்று இருபத்தொன்று கிரேடு ஸ்டெயின்லெஸ், வளைவுகள் பதினாறு.
பன்னிரண்டு மில்லி ஃபிளாஞ்சு, லேசரில் வெட்டியது.
ஆர்கான், வெளியே ஒருமுறை, குழாய்க்குள்ளும் ஒருமுறை.
சற்குணம் டார்ச்சைத் தொட்டால்
ஃபேனை நிறுத்த வேண்டும்,
காற்று பட்டால் ஆர்கான் கலைந்துவிடும்.
மே மாதம். அம்பத்தூர் எஸ்டேட். தகரக் கூரை. மதியம் இரண்டு.
முகமூடிக்குள் வேர்வை கண்ணில் இறங்கும்,
துடைக்கக் கை கிடையாது, இரண்டும் வேலையில்.
வேர்வைக்கென்று பில்லில் ஒரு வரி இல்லை.
அரசாங்கத்தின் வரி மட்டும்
அதன்மீதும் விழுகிறது.

அறுபத்திரண்டாயிரம் என்றேன்.
அவர் உடைந்ததை எடுத்து
அதன் கூட்டுவாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார்,
தொண்டை பார்ப்பதுபோல.
‘இரும்பு, கேஸ், கூலி எல்லாம் சேர்த்தாலும்
நாற்பதைத் தாண்டாதே. மிச்சம்?’

மிச்சத்தில்
போன வருடத்து மேனிஃபோல்டு ஒன்று இருக்கிறது.
கொளத்தூர் பையன் ஒருவனுக்குச் செய்தது.
டர்போவைத் தாங்க ஒரு முட்டு வைத்திருக்க வேண்டும்,
அவசரத்தில் வைக்கவில்லை.
ஏழு கிலோ அந்தரத்தில் குழாயிலேயே தொங்கியது.
இருநூறு கிலோமீட்டர் ஓடியது.
ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நள்ளிரவில் போன் செய்தான்,
அவன் திட்டியதில் பாதியை
லாரிகள் அடித்துக்கொண்டு போயின.
புதிதாய்ச் செய்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை.
அதைத்தான் டாக்டர்
நீங்கள் பதினொரு பேர்
தெரியாமல் பங்கு போட்டுக் கட்டுகிறீர்கள்.

இதைச் சொல்லவில்லை.
‘டிசைன் சார்ஜ்’ என்றேன்.

பாலிஷ் வேண்டாமென்றால் மூவாயிரம் குறையும்.
போட்டாலும் முதல் சூட்டிலேயே
வைக்கோல் நிறமாகும், பிறகு செம்பு, பிறகு நீலம்.
அதன்மேல் வெப்பத்துணி வேறு சுற்றப்போகிறோம்.
யார் பார்க்கப்போகிறார்கள்?

விலைக்கு யோசித்ததைவிட
இதற்கு அதிகம் யோசித்தார்.
‘போட்டுடுங்க.
சுத்தறதுக்கு முன்னாடி
ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.’

முப்பதாயிரம் அட்வான்ஸ்.
சற்குணம் ஃபேனைப் போட்டான்.
எழும்பிப் பறக்கப் பார்த்த தாளை
உடைந்த மேனிஃபோல்டை வைத்து
அழுத்தினேன்.