எட்டாவது சுரம்

வின்சர், ஜனவரி.
ஆற்றுக்கு அந்தப்பக்கம் டெட்ராய்ட்
தன் விளக்குகளைப் பனிக்கட்டிமேல் காயப்போட்டிருக்கிறது.
கசினோவின் பின்வாசலில் ஒரு வேன்.
எல்லையில் அதிகாரி கேட்டானாம்:
"என்ன வேலை?"
"பேஸ் கிட்டார்."
"எனக்குத் தெரிந்த பாட்டு ஏதும் உண்டா?"
வெண்டெல் கிறிஸ்ப் வாயாலேயே ஏழு சுரம் போட்டுக் காட்ட,
"அட, அது கம்ப்யூட்டர் பாட்டல்லவா" என்று
வழிவிட்டானாம்.

சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். எழுபத்துநான்கு வயது.
சிரிப்பு முடிந்தபிறகும் தோள் கொஞ்சநேரம் குலுங்குகிறது.

'சில்வர் லாட்டரி' என்கிறது சுவரொட்டி.
ஒன்பது பேராய் இருந்த கூட்டம்.
ஊதியவர் மூவரில் இருவர் இல்லை, ஒருவர் பாதிரியார்.
பாடகி அரிசோனாவில், இதே பெயரில்,
இன்னொரு சில்வர் லாட்டரி நடத்துகிறாள்.
வழக்கு நடக்கிறது.
இங்கே மிச்சம் வெண்டெல் மட்டும்,
மற்றவர்கள் அந்தப் பாட்டுக்குப் பிறகு பிறந்தவர்கள்.
சரிகைச் சட்டையை அவர் விடவில்லை.
பொத்தான்கள்தான் இடம் மாறியிருக்கின்றன.

என் வேலை மேடையின் ஓரம்.
அவரவர் காதுக்கு அவரவர் கேட்பதைக் கொடுப்பது.
பாடுகிற பையனுக்குத் தன் குரல், இன்னும் தன் குரல், இன்னும்.
கீபோர்டுக்கு எல்லாம் வேண்டும், கல்யாணச் சாப்பாடு மாதிரி.
வெண்டெல் சொன்னார்:
"எல்லாரையும் வெளியே அனுப்பு. கிக் டிரம் மட்டும் இருக்கட்டும்."

எழுபத்தொன்பதில், ஒரு செவ்வாய் மத்தியானம்,
நாற்பது டாலருக்கு அவர் வாசித்தது எட்டுச் சுரம்.
பதினேழு வருடம் கழித்து யாரோ ஒருவன்
இசைத்தட்டிலிருந்து ஏழை மட்டும் நறுக்கி
தலையை வாலோடு ஒட்டி
வட்டமாய் ஓடவிட்டான்.
அது ஓடியது. சிட்னியில் ஓடியது, ஒஸாகாவில் ஓடியது.
ஸ்கார்பரோவில், தம்பி தூங்குகிற அறையில்,
பதினைந்து வயதில் நான் ஆடியதும் அதற்குத்தான்,
போர்வைக்குள், முழங்கால் மட்டும்.

எட்டாவதை ஏன் வெட்டினான்?
"அவன் பெட்டியில் இடம் அவ்வளவுதான்" என்கிறார்.
கோபம் இருக்குமென்று பார்த்தேன்.
பந்தியில் இலை போடாமல் விட்ட வீட்டுக்கு
மொய் எழுதிவிட்டு வந்தவர் முகம்.

பத்தேகால். கடைசிப் பாட்டு.
கிக் விழுகிறது, நாலுக்கு நாலு,
மேல்மாடிக்காரனின் குதிகால் போல.
அப்புறம் அந்த ஏழு.
கூட்டம் எழுகிறது.
"அந்தப் பாட்டைக் காப்பியடிக்கிறார்கள்!" என்று
முன்வரிசைப் பெண் கைப்பேசியைத் தூக்குகிறாள்.
எட்டாவது வந்தது,
தாமதமாக, கொஞ்சம் கீழே,
இல்லாத படியில் கால் வைத்ததுபோல.
நானூறு பேர் ஒரே நேரத்தில் தடுக்கினார்கள்.
மறுபடி ஏழு. மறுபடி தடுக்கல்.

சூதாட்ட எந்திரங்களின் பக்கமிருந்து
தட்டோடு வந்த பரிசாரகி,
அறுபது இருக்கும், சட்டையில் 'மார்லீன்' என்று பெயர்.
அவள் மட்டும் தடுக்கவில்லை.
ஏழு வரை சும்மா நடந்தாள்.
எட்டில் இடுப்பைப் போட்டாள்.
கோப்பையில் ஐஸ்கூட அசையவில்லை.
வெண்டெல் பார்த்துவிட்டார்.
அதற்குப் பிறகு வாசித்ததெல்லாம் அவளுக்குத்தான்.

என் ஹெட்ஃபோனில் அவர் பேஸ் தனியாக:
நரம்பில் விரல்தோல் உரசும் சத்தம்,
எட்டுக்கு முன் ஒரு சின்னத் தயக்கம்.
அதை எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாது
என்று எழுதவந்தேன். எழுதமாட்டேன்.
அடைத்துவிடுவார்கள்.

ஆறாவது சுற்றில் முன்வரிசைப் பெண்ணும் பிடித்துக்கொண்டாள்.
கைப்பேசி தரையைப் பார்த்தபடி
அவள் காலையே படமெடுத்துக்கொண்டிருந்தது.

பின்மேடை. பஃபே பத்துக்கே மூடிவிட்டதாம்.
காசோலையில் 'வெண்டெல் கிறிஸ்' என்றிருக்கிறது.
கடைசி எழுத்து இல்லை.
பார்த்தார். மடித்து வைத்தார்.
கடலை எந்திரத்தில் இரண்டு டாலர் போட்டார்.
பொட்டலம் சுருளில் சிக்கி நின்றது.
கண்ணாடியில் தட்டினார். ஏழு.
நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.
எட்டு.

விழவில்லை.

"எல்லா இடத்திலும் வேலை செய்யாது" என்றார்.
அப்புறம் இரண்டுபேரும் தோளைக் கொடுத்து
எந்திரத்தையே சாய்த்தோம்.