எட்டா, மூன்றா

துல்சா. ஒன்பதாவது மாடி. ஜன்னல் திறக்காத கட்டடம்.
காதில் கருவி, கண்ணெதிரே இரண்டு திரை.
இன்றைய நாற்பத்தோராவது அழைப்பு:
வெர்லீன் ஸ்ட்ரவுட், நெப்ராஸ்கா.
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன் என்றாள்.
ஓட்டினேன் என்று திருத்திக்கொண்டாள்.

கருவிழி கூம்பிக்கொண்டே போகிறதாம்.
"உங்களுக்கு நிலா ஒன்றுதானே? எனக்கு ஏழு.
எதிரே வரும் லாரிக்குப் பன்னிரண்டு விளக்கு.
எது லாரி என்று தெரியாத அன்று
சாவியைக் கொண்டுபோய் அலுவலக மேசையில் வைத்துவிட்டேன்."

சொட்டு மருந்து, அரை மணி ஊதா வெளிச்சம்.
அவ்வளவுதான் சிகிச்சை.
அரசு அனுமதித்துப் பல வருடமாகிறது.
எங்கள் கடிதத்தில் மட்டும்
அது இன்னும் பரிசோதனையில் இருக்கிறது.
கையெழுத்துப் போட்ட மருத்துவர் முழங்கால் பார்ப்பவர்.
எனக்குத் தெரியும்.
அதைச் சொல்ல எனக்கு வாக்கியம் எழுதித் தரப்படவில்லை.

மேல்முறையீடு செய்ய வேண்டும் என்கிறாள்.
எழுதித் தந்ததைப் படிக்கிறேன்:
கடிதத்தின் அடியிலுள்ள பதினான்கு இலக்க எண்ணை வாசியுங்கள்.

காகிதம் சரசரக்கிறது.
விளக்கருகே போகிறாள் போல; நாற்காலி ஒன்று விழுகிறது.
"ஏழு. நான்கு. அப்புறம்...
எட்டா, மூன்றா? ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கிறது.
ஆறாகவும் இருக்கலாம்.
முடியாது என்று நீங்கள் எழுதியிருப்பதுகூட
எனக்கு மூன்று தடவை தெரிகிறது."
சிரிக்கிறாள்.

எண் என் திரையில் இருக்கிறது,
கட்டைவிரல் பருமனில், பச்சையாக.
அவள் வாயால் வர வேண்டும் என்பது விதி.
பேச்சு பதிவாகிறது.
பதிவைக் கேட்கும் மெரிடித் மூன்று மேசை தள்ளி
தயிர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.
போன மாதம் கார்வினுக்கு வேலை போனது
இந்த மாதிரி ஓர் இரக்கத்தில்தான்.

இன்னொரு முறை பாருங்கள், என்கிறேன்.
"மூன்று?"
பேசாமல் இருக்கிறேன்.
"ஆறு?"
பேசாமல்.
"எட்டு."
நன்றி, அடுத்தது.

ஆறாவது இலக்கத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.
காகிதச் சத்தம் நின்றது.
என் மௌனத்தைத் தடவித் தடவி
எண்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.
இருபத்தாறு நிமிடம்.
ஓர் அழைப்புக்கு எனக்கு அனுமதி ஆறு.

மனு பதிவாயிற்று. முப்பது நாளில் பதில் போகும்,
அதே பொடி எழுத்தில்.

வைத்ததும் திரை கேட்டது:
வாடிக்கையாளரின் சிக்கல் தீர்ந்ததா?
ஆம். இல்லை. இரண்டே கட்டம்.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன்,
மூன்றாவதாக ஏதாவது தெரிகிறதா என்று.

நாற்பத்திரண்டு மணியடித்தது.