டிங்சர்

சீனி காதர் மெடிக்கலில் இப்போதெல்லாம்
எரியாத மருந்துதான் கேட்கிறார்கள்.
இன்னாசியம்மா மட்டும்,
"எரியலேன்னா வேலை செய்யுதுன்னு
எப்படிப்பா தெரியும்?"
மேல் அடுக்கின் மூலையிலிருந்து
தூசியோடு இறங்கிவரும் பழுப்புப் பாட்டில்.

மாசத்தில் பன்னிரண்டு நாள் கடல்.
விரலில் துணி சுற்றி, பாதத்தில் தகடு கட்டி
மூச்சை அடக்கி
பாரில் மரிக்கொழுந்துப் பாசி பிடுங்குவாள்.
துணி நழுவிய இடத்தில் பார் கடிக்கும்.
வள்ளத்தில் ஏறிய பிறகுதான்
ரத்தம் அவளுடையது என்று தெரியும்.
ஒரு சொட்டு டிங்சர்.
அப்போது அவள் சொல்லும் வார்த்தை
கோயில் பக்கம் சொல்லக் கூடாதது.

வீட்டில், மாதா படத்துக்குப் பின்னால் அதன் இடம்.
மடுத்தீனின் முழங்காலுக்கு,
கெளுத்தி முள் ஏறிய உள்ளங்கைக்கு,
புயலில் கிணறு கலங்கினால்
குடத்துக்கு இத்தனை சொட்டு.
ஒருநாள் பாலில் விட்டுப் பார்த்தாள்.
நீலமாகிவிட்டது. மாவு!
டம்ளரும் கையுமாய்த் தெருவில் நின்றாள்.
பால்காரர் சைக்கிள் இன்றுவரை
வேறு சந்தில்தான் போகிறது.
கஞ்சி போட்ட சட்டையில் அது சிந்திய ஞாயிறு
புருஷன் சந்தியாக்கு
நெஞ்சில் கருநீலத் தீவொன்றோடு
பூசைக்குப் போனார்.

நான் பாசிக் கிட்டங்கியில் எடை எழுதுகிறவன்.
படித்ததை ஒருநாள் சொன்னேன்:
இருநூறு வருசத்துக்கு முன்னால்
பிரான்சு தேசத்தில், சண்டைக் காலம்,
வெடியுப்புக் காய்ச்சிய ஒருவன்
கடல்பாசிச் சாம்பலில்
அமிலத்தைக் கூடுதலாய் ஊற்றிவிட்டான்.
ஊதாப் புகை எழுந்து
குளிர்ந்த இடத்தில் கறுப்பாய்ப் பொரிந்தது.
அதுதான் அயோடின்.
வெடிமருந்துக்குப் போனவன் கையில்
புண்மருந்து.

"அப்ப இதுவும் பாசிதானா?"
பாட்டிலை வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.
"அந்த ஊர்ல பாசி பொறுக்குனது யாரு?
கிலோவுக்கு என்ன குடுத்தான்?"

புத்தகத்தில் அது இல்லை.
தராசைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு.
ஈரத்துக்கு நாலு கழித்து
முப்பத்தெட்டு என்று எழுதினேன், எப்போதும்போல.

அறுந்த கட்டைவிரலுக்கு
அங்கேயே மருந்து வைத்து
ஊதிக்கொண்டே வந்து கையெழுத்துப் போட்டாள்.
விரல் தாளில் அழுந்தியது.

தாள் செய்யவும் மாவு சேர்ப்பார்களாம்.
அவள் படியிறங்கிப் போன பிறகு
முப்பத்தெட்டுக்குப் பக்கத்தில்
மெல்லப் படர்ந்தது
பாலில் பார்த்ததாய்ச் சொல்வாளே,
அந்த நீலம்.