இடது காறையெலும்பு

இரவு டியூட்டி. கல்முனை ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே அறை.
பன்னிரண்டு மணிக்குப் பிறகு
மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்களும் குறைவு.
மேசை லாச்சிக்குள், கையுறைப் பெட்டிக்குக் கீழே,
‘நிறை’ ஐந்து இதழும் இருக்கின்றன.
எழுத்து: சியாத், மருதமுனை.
சித்திரம்: யதுகுலா, திருக்கோவில்.
இரண்டு பேரையும் நான் கண்டதில்லை.

அவளுடைய சக்தி இவ்வளவுதான்:
தொட்ட பொருள் எடையை இழக்கும்.
இழந்த எடை வேறெங்கும் போகாது,
அவள் எலும்புக்குள் வந்து குந்திக்கொள்ளும்.

முதல் இதழில்
பெரியகல்லாற்றுப் பாலத்தில் ஒரு பஸ் தொங்குகிறது,
முன் சக்கரம் இரண்டும் தண்ணீருக்கு மேலே.
வேறு யாரும் எழுதியிருந்தால்
அவளை ஒரு பக்கம் முழுக்கப் பேசவிட்டிருப்பார்கள்.
சியாத் கொண்டக்டரை மட்டும் பேசவிடுகிறார்:
“மிச்சக் காசு பிறகு தாறன்,
எல்லாரும் பின்னால போங்க.”

அடுத்த கட்டத்தில்
பஸ்ஸை வெறும் கோட்டால் கீறியிருக்கிறா யதுகுலா.
உள்ளே ஒரு துளி மை இல்லை.
மை முழுக்க அவள் மேல்.
தோளிலிருந்து பாதம்வரை
ஊற்றிவைத்த கறுப்பு.

கறுப்போடுதான் என் பிழைப்பு.
என் திரையில் காற்றுக் கறுப்பு, எலும்பு வெள்ளை.
இவ தலைகீழாகப் போட்டிருக்கிறா,
பாரம் கறுப்பு, வெறுமை வெள்ளை.
முதல் வாசிப்பில் அது பிழையாகவே பட்டது.
இரண்டாவதில்
என் கண் அவவின் பக்கம் சாய்ந்துவிட்டது.

மூன்றாம் இதழ் சரியில்லை, சொல்லத்தான் வேண்டும்.
அந்த ஆய்வுகூடம், அந்தக் கண்ணாடிக்காரனின் சிரிப்பு,
எட்டுப் பக்கத்துக்கு ஒரு சண்டை.
காத்தான்குடி முஸ்தன்சிருக்கு அதுதான் பிடித்தது.
இரவல் வாங்கிப் போய்
தேத்தண்ணிக் கறையோடு திருப்பித் தந்தான்.
கறை விழுந்ததும் அந்த இதழில்தான்,
நான் ஒன்றும் சொல்லவில்லை.

நான் சொல்லவந்தது காறையெலும்பைப் பற்றி.
பஸ்ஸை இறக்கி வைக்கும்போது
அவளுக்கு இடது பக்கம் முறிகிறது.
ஒலியை அரிசியளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: டக்.
பிறகு அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.
நாலாம் இதழ், பதினோராம் பக்கம்.
அவள் கொடியில் உடுப்புக் காயப்போடுகிறாள்.
தோள்பட்டைக்கு முன்னால்
மூங்கில் கணு மாதிரிச் சின்னதாய் ஒரு புடைப்பு.
சரியாகப் பொருந்தாமல் ஒட்டிய எலும்பு
அப்படித்தான் இருக்கும்.
அந்தப் பக்கத்தில் சியாத் ஒரு சொல்லும் எழுதவில்லை.
ஒருத்தி கீற, ஒருவர் வாயை மூட,
இரண்டும் சேர்ந்து ஒரு வசனம்.

இரண்டு இருபதுக்குச் சக்கர நாற்காலியில் வந்தார்
பாண்டிருப்புப் பூபாலபிள்ளை.
குளியலறையில் வழுக்கி விழுந்தவர்.
“மூச்சை இழுத்துப் பிடியுங்க ஐயா. விடுங்க.”
திரையில் விலா இரண்டு வெடித்திருந்தது.
அதுக்கு மேலே, தோளெலும்பின் ஓரத்தில்
நாலு வெள்ளைப் புள்ளிகள்,
எலும்பைவிட வெள்ளை.
“இது...” என்றேன்.
“அது பழசு தம்பி” என்று
சட்டைப் பொத்தானைப் போட்டார்.
படிவத்தில் விலாவை மட்டும்தான் கேட்டிருந்தார்கள்.

அவரைத் தள்ளிக்கொண்டு போனபிறகு
ஐந்தாம் இதழின் கடைசிப் பக்கத்தை எடுத்தேன்.
பாமசி வாசலில் நிறை பார்க்கும் மெசின்.
அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறாள்.
முள் எங்கே நின்றது என்று கீறவில்லை.
காசு வாங்கும் பையனின் முகம் மட்டும்,
வாய் கொஞ்சம் திறந்தபடி.
நாலு தடவையும் நான் முள்ளைத்தான் தேடினேன்,
பக்கத்தைச் சரித்துக்கூடப் பார்த்தேன்.
இன்றைக்குப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவனும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆறாவது இதழ் வராது.
‘ஐந்தே இதழ்’ என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது.

மணி அடிக்கிறது.
கட்டிலிலிருந்து விழுந்த பொடியன் ஒருவன்,
வாப்பாவின் தோளில் அழுது ஓய்ந்து.
லாச்சியை மூடுகிறேன்.
எந்தக் கை மகன்,
இடதா, வலதா?