கழுவுதொட்டியின் மேல் ஒரு கை

காலை ஆறே முக்காலுக்கு
அலைபேசி என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும்.
கழிவறை போய்விட்டு, காபிக்கு முன்னால்,
கண்ணாடிப் பலகைமேல் நில் என்கும்.
நிற்பேன்.
கண்ட எண்ணை அதுவே அனுப்பிவிடும்
அவெய்ரு மருத்துவமனைக்கு.
என்னை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

பிறகு கேள்விகள்.
ராத்திரி எத்தனை தலையணை?
செருப்பு இறுக்குகிறதா?
எத்தனையாவது படியில் மூச்சு வாங்கியது?
ஒன்பது, என்று போடுவேன்.
ஒன்பதில்தான் படிக்கட்டு திரும்புகிறது,
அங்கே ஒரு முக்காலி போட்டிருக்கிறேன்.

இதயம் செயலிழப்பு என்று தாளில் இருந்தது.
நின்றுவிட்டதா என்றேன்.
நிற்கவில்லை, களைத்துவிட்டது என்றான் லியோனெல்,
தாதி, முப்பது வயதிருக்கும்.
இறைப்பவன் கை தளர்ந்தால்
பாத்தியில் தண்ணீர் தேங்குமே, அப்படி.
உப்பளத்து ஊரில் பிறந்தவளுக்கு
அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

முப்பத்தோரு வருஷம்
கஃபான்யா உலர்த்துமுற்றத்தில்
காட் மீனுக்கு உப்புப் போட்டவள் நான்.
விரலிடுக்கில் வெடிப்பு, வெடிப்பில் உப்பு,
அதன்மேல் அட்லாண்டிக் காற்று.
உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்தாக வேண்டும்.
எனக்கோ தண்ணீரும் அளந்துதான்:
நாளைக்கு ஒன்றரை லிட்டர்,
சூப்பும் சேர்த்து.

கிறிஸ்துமஸ் முந்தின இரவு
பக்கத்து வீட்டு அல்டீனா அழைத்தாள்.
மூன்று நாள் ஊறவைத்தேன்,
ஏழு தண்ணீர் மாற்றினேன் என்று
மாதா படத்தைத் தொட்டுச் சொன்னாள்.
வாயில் வைத்ததுமே தெரிந்தது,
மூன்று தண்ணீர்கூட இல்லை.
தெரிந்தேதான்
இரண்டாவது துண்டையும் எடுத்தேன்.

இருபத்தாறாம் தேதி பலகையில்
எழுபத்திரண்டு புள்ளி ஒன்பது என்று
எண் ஓடி வந்தது.
இரண்டு கிலோ ஏறினால் சிவப்பு,
சிவப்பானால் தொலைபேசி,
தொலைபேசி வந்தால் ஆஸ்பத்திரிக் கட்டில்.
எண் நிலைகொள்வதற்குள்
கழுவுதொட்டியின் விளிம்பில் கையை ஊன்றினேன்.
எழுபத்தொன்று புள்ளி நான்கு.
பச்சை.

மீனைத் தூக்கிப் பார்த்தே
கிராம் பிசகாமல் எடை சொன்ன கை இது.
மறுநாளும் எழுபத்தொன்று புள்ளி நான்கு.
அதற்கு மறுநாளும்.
ஒவ்வொரு நாளும்
கொஞ்சம் கூடுதலாய் ஊன்ற வேண்டியிருந்தது,
அவ்வளவுதான்.
இரவில் மட்டும்
நாற்காலியில் உட்கார்ந்து தூங்கினேன்.
தலையணை கேள்விக்கு இரண்டு என்று போட்டேன்.

நான்காம் நாள் லியோனெல் கூப்பிட்டான்.
தோனா சுல்மீரா, உங்கள் எடை அசையவே இல்லையே.
நல்லதுதானே என்றேன்.
உயிருள்ள உடம்பு அப்படி நிற்காது என்றான்.
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
என் அப்பா சலவை இயந்திரத்தைப் பிடித்துக்கொள்வார்.
நீங்கள் எதை?

கழுவுதொட்டி.

சரி. கையை எடுத்துவிட்டு ஏறுங்கள்.
நான் லைனில் இருக்கிறேன்.

எழுபத்து நான்கு புள்ளி ஆறு.

அவன் பக்கம் விசைப்பலகைச் சத்தம்.
திட்டுவான் என்று காத்திருந்தேன்.
டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னான்:
நீர் மாத்திரை இப்போது இரண்டு, மதியம் ஒன்று,
நாலு மணிக்குக் கூப்பிடுவேன்,
அதற்குள் மூச்சு முட்டினால்
எனக்கல்ல, ஆம்புலன்ஸுக்கு.

அன்றைக்கெல்லாம்
நாற்காலிக்கும் கழிவறைக்கும்தான் யாத்திரை.
போகவர ஜன்னலில் கழி தெரிந்தது,
ஓதம் இறங்கிக்கொண்டிருந்தது,
யாரோ ஒருவன் சேற்றில் சிப்பி தோண்டினான்.
மாலையில் கணுக்காலை அழுத்திப் பார்த்தேன்.
கட்டைவிரல் விட்ட குழி
மெதுவாய், மனசில்லாமல், மேலே வந்தது.
அடியில் எலும்பு இருந்தது.

இன்று காலை
இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு ஏறினேன்.
எழுபத்து மூன்று புள்ளி இரண்டு. மஞ்சள்.
தலையணை: நாற்காலி என்று போட இடமில்லை,
நான்கு என்று போட்டேன்.
கடைசியில் ஒரு வெற்றுக் கட்டம்:
வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?
இத்தனை மாதமும் தாண்டிப் போனவள்
கண்ணாடி மாட்டிக்கொண்டு
ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன்:

அல்டீனா தண்ணீர் ஏழு முறை மாற்றவில்லை.