இருபது காசு

பூன் லே ரயில் நிலையத்தில்
கட்டண வாயிலுக்கு அந்தப் பக்கம் அவர்,
இந்தப் பக்கம் நான்.
அட்டையைத் தட்டி வெளியேறினால்
திரும்ப இன்னொரு கட்டணம்.
விமானத்தின் உடலைத் தலைக்குமேல் தூக்கிக் கொடுத்தார்.
வால் வந்தது. ரிமோட் வந்தது, ஆன்டெனா வளைந்து.
இறக்கைதான் மக்கர் பண்ணியது;
சோபாவை வீட்டுக்குள் நுழைப்பவர்களைப் போல
இருவரும் சாய்த்தோம், திருப்பினோம்,
பின்னால் ஒரு வரிசையே நின்றுவிட்டது.

ரிட்சுவான் கேட்டது நாற்பத்தைந்து வெள்ளி.
கொடுத்தது முப்பத்தெட்டு.
"பறக்குமா?" என்றேன்.
"பறந்தது" என்றார்.
இறந்தகாலத்தை நான் கவனிக்கவில்லை.

ஈசூனில், சமையலறைத் தரையில், செய்தித்தாள் விரித்து
அதைக் கிடத்தினேன்.
பேட்டரி பூரிபோல் உப்பியிருந்தது.
நான்கு சர்வோவில் மூன்று நடுங்கின,
நான்காவது அதுவும் இல்லை.
மூக்கு மரத்தில் விளக்கெண்ணெய் நெடி,
யாரோ எஞ்சின் வைத்து ஓட்டிய நாளிலிருந்து ஊறியது.
எண்ணெய்மேல் பசை ஒட்டாது.
சோளமாவைத் தூவி இரவு முழுக்க விட்டுவைத்தேன்.
காலையில் நல்லசிவம் எட்டிப் பார்த்து,
"பொரிக்கப் போறியா?" என்றார்.

மொத்தம் நூறு வெள்ளி, அதற்குமேல் ஒரு காசு இல்லை
என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன்.
மோட்டார் இருபத்திரண்டு.
பேட்டரி பதினாறு.
சர்வோ ஒன்று ஆறு; மற்ற மூன்றும்
துடைத்ததும் நடுங்குவதை நிறுத்திக்கொண்டன, புண்ணியம்.
உடைந்த இரண்டு விலா எலும்புக்கு
சாத்தே குச்சி, நன்றாகக் கழுவியது.
இறக்கையை உடலோடு கட்ட
தாப்பாவ் பொட்டலங்களின் ரப்பர் வளையங்கள்,
இரண்டு மாதச் சேமிப்பு.

பழைய தோலை உரிக்கும்போதுதான்
வலது இறக்கை நுனியில் அதைக் கண்டேன்:
மரத்தைக் குடைந்து, பதித்து, பசையிட்ட
ஒரு பழைய இருபது காசு.
இதென்ன கோமாளித்தனம் என்று கத்தியால் நெம்பினேன்.
வரவு, இருபது காசு, என்று எழுதினேன்.
மறுநாள் ஈரச்சந்தையில் வெங்காயத்தாளுக்குப் போனது.

தோல் போர்த்தும் வேலைக்கு எனக்கு யாரும் வேண்டாம்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பதினோரு வருடம்,
நாளுக்கு நானூறு விரிப்பு.
இஸ்திரிப்பெட்டியின் வெப்பம்
பட்டுக்கும் கம்பளிக்கும் நடுவே;
நடுவில் தொடு, ஓரத்துக்கு நகர்,
சுருக்கம் தானாகப் போகும்வரை அவசரப்படாதே.
மீந்துபோன பாதிச் சுருள், ஆரஞ்சு நிறம், ஏழு வெள்ளி.
வேலையிடத்தில் யாரும் என் மடிப்பைத்
தடவிப் பார்த்ததில்லை.
நானே தடவிப் பார்த்தேன். பிறகு இன்னொரு முறை.

துணி காயப்போடும் கம்பத்தில்
முன்னும் பின்னும் நூல் கட்டித் தொங்கவிட்டேன்.
இடப்பக்கம் சாய்ந்தது.
நிமிர்த்தினேன். சாய்ந்தது.
அப்போது புரிந்தது வெங்காயத்தாளின் விலை.

ரிட்சுவானுக்குச் செய்தி அனுப்பினேன்:
இறக்கைக்குள் காசு வைத்தது நீங்களா?
என்ன காசு? என்று பதில் வந்தது.
அவருக்கு முன்னால் ஒருவர்.
அவருக்கும் முன்னால் இருக்கலாம்.
விளக்கெண்ணெய்க்காரர், ஏதோ ஓர் இரவில்
இதே சாய்வை இதே எரிச்சலோடு பார்த்துவிட்டு
சட்டைப்பையைத் துழாவியிருக்கிறார்.

இப்போதைய இருபது காசு அதைவிட இலேசு.
கூட ஓர் ஐந்து காசும் வேண்டியிருந்தது.
புதுத் தோலைக் கீறி,
அதே குழியில் இரண்டையும் அடுக்கி,
மேலே ஒரு ஒட்டு. தெரிகிறது. தெரியட்டும்.
செலவு: இருபத்தைந்து காசு.

ஞாயிறு காலை, அனுமதி உள்ள திடல்,
இடி முழங்குவதற்கு முன் கிடைத்த அரைமணி.
கையிலிருந்து விட்டேன்.
ஒரு நிமிடம் நாற்பது விநாடி
நேராக, ஆரஞ்சாக,
யாருக்கும் சொந்தமில்லாததுபோல்.
திரும்பும்போது என் விரல் பதறி
மூக்கு புல்லில் குத்தியது.

புரொப்பெல்லர், நாலு ஐம்பது.
நூறில் மிச்சம் ஆறு வெள்ளிதான்; சமாளிக்கலாம்.
போனில் நல்லசிவம்: "என்ன, பறந்ததா?"
மோட்டாரில் சுற்றிய புல்லைப் பிடுங்கிக்கொண்டே
"பறக்கும்" என்றேன்.