நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே

ஜனவரி. புவெனோஸ் அயர்ஸில் அது கொளுத்தும் கோடை.
இரவு பத்தேகாலுக்கு மின்சாரம் போனது.
லிஃப்டுக்குள் எவாரிஸ்தோ.
பழைய கட்டடம், மடிப்புக் கம்பிக் கதவு.
நான்காம் மாடிக்காரர்களுக்கு அவருடைய காலணி தெரிந்தது,
ஐந்தாம் மாடியில் எங்களுக்குத் தலை.
வாய் இருந்த பக்கம் என் வீடு.

எனக்கும் அவருக்கும் பழைய வழக்கு.
தரைத்தளத்தில் அவர் ஐஸ்கிரீம் கடை,
பதினோரு எஃகுத் தொட்டி, பதினோரு சுவை,
எல்லாம் அவர் கையால் கிண்டியது.
நான் ஊருக்கு வெளியே தொழிற்சாலையில்
குச்சி செருகும் இயந்திரத்துக்குக் காவல்.
நிமிடத்துக்கு இருநூறு குச்சி.
ஒன்று கோணினாலும் சிவப்பு விளக்கு.

வெள்ளிக்கிழமைகளில் ஆளுக்கொரு பெட்டி இலவசம்.
அதோடு அவர் கடையைக் கடந்தால்
"என்ன ஸுலேமா, காற்று வாங்கி வருகிறாயா?" என்பார்.

பாதி காற்றுதான், மறுக்கவில்லை.
மீதி பனையெண்ணெய், பால்பொடி, கொஞ்சம் கோந்து.
பசு பார்த்தால் உறவு சொல்லாது.
"உங்கள் கால் கிலோ காசுக்கு
என் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு குச்சி" என்பேன்.
"பன்னிரண்டு பொய்" என்பார்.

மின் கம்பெனி இரண்டு மணி நேரம் என்றது.
அப்படியென்றால் விடிந்துவிடும்.
இருட்டுக்குள்ளிருந்து அவர் கணக்குப் போட்டார்,
கைவிட்ட வைத்தியர் குரலில்:
"எலுமிச்சைக்கு நாற்பது நிமிடம்.
பிஸ்தா ஒரு மணி நேரம் தாங்கும்.
மஞ்சள்கருவும் ஒயினும் சேர்த்தது
இந்நேரம் போய்க்கொண்டிருக்கும்."

பிறகு பேச்சில்லை.
பிறகு கம்பி இடுக்கில் சாவிக்கொத்து.
"எடுத்து வாருங்கள், தின்னுங்கள்.
முதலில் எலுமிச்சை.
ஒன்றோடொன்று கலக்காதீர்கள், காட்டுமிராண்டிகளா."

டாக்சி ஓட்டும் பாஸ்குவாலும் இரண்டாம் மாடி ரமிரோவும்
தொட்டி தொட்டியாகப் படியேற்றினார்கள்.
மெழுகுவர்த்தி, சூப் கரண்டி, பல் தேய்க்கும் குவளை,
கையில் கிடைத்ததோடு பிள்ளைகள்.
எலுமிச்சையில் தோலின் கசப்புகூட இருந்தது,
யாரோ இப்போதுதான் நகத்தால் கீறியதைப் போல.
குறுகக் காய்ச்சிய பாலில்
தீய்வதற்கு ஒரு நொடி முன் நிறுத்திய கை தெரிந்தது.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அவருக்குத்தான் ஒரு வாய் கிடைக்கவில்லை.
கிண்ணம் கம்பிக்குள் நுழையவில்லை.
கரண்டியைச் சாய்த்தால்
பாதாளக் குழிக்குள் சொட்டியது பிஸ்தா.
"குச்சி ஐஸ் போகும்" என்றான் ரமிரோ.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என் பெட்டியில் ஐந்து மிச்சம்,
கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் நின்றன.
இரண்டு விரல் கனம்.
அந்தக் கம்பியை அளந்துதான்
அச்சு வார்த்தார்களோ என்று தோன்றியது.

காகிதம் சரசரத்தது.
சாக்லேட் தோல் உடைந்த சத்தம்
நான்காம் மாடிக்கும் கேட்டிருக்கும்.
தீர்ப்பு வாசிக்கும் முன் இருக்குமே, அப்படி ஓர் அமைதி.

"இதில் வெனிலா இல்லை" என்றார்.
"வெனிலாவைப் பற்றிய வதந்தி இருக்கிறது."
யாரோ சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.
இன்னொரு கடி.
"ஆனால் நிற்கிறது."
"நிற்கும். அதற்குத்தான் கோந்து."
"தோலை யார் செய்வது?"
"யாருமில்லை. ஒரு முங்கு, அவ்வளவுதான்."
அவர் மெல்லும் சத்தம்.
பிறகு மெல்லாத சத்தம்.

"குச்சி நேராக இருக்கிறது" என்றார்.

பத்தொன்பது வருடம்.
சாப்பிட்டவர் யாரும் குச்சியைப் பற்றிப் பேசியதில்லை.
கோணினால் மேலாளர் பேசுவார்.
மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

மூன்றே பத்துக்கு லிஃப்ட் உலுக்கி எழுந்தது.
போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல்
பனையெண்ணெயைத் திட்டியபடியே
கீழே போனார்.

காலையில் படிக்கட்டு முழுக்கப் பிசுபிசுப்பு,
எது யாருடையது என்று சொல்ல முடியாதபடி.
வேலைக்கு இறங்கினேன்.
ஒவ்வொரு படியிலும் என் செருப்பு
ப்ச் என்றது. அடுத்த படியிலும் ப்ச்.